சைவ மருந்து கேட்டவன்

பிறந்த குழந்தைக்குச் சைவத்தில் மருந்து இருக்கிறதா என்று ஒரு டாக்டரிடம் கேட்டவன் நான். கேட்ட அன்று காலையில் கோழிக் குழம்பில் பரோட்டாவை ஊறவைத்துத் தின்றிருந்தேன்.

தங்கையின் மகளுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் இறக்கிக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெண் குழந்தை. மூச்சு திணறுகிறது, நுரையீரலுக்குள் ஏதோ மருந்து ஊற்ற வேண்டுமாம் என்று தங்கை போனில் அழுதாள். திருக்கோவிலூரில் பஸ் ஏறினேன். ஏறியதும் போனில் அந்த மருந்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். எந்தத் துன்பம் வந்தாலும் நான் முதலில் படிப்பேன்.

குறைமாதக் குழந்தையின் நுரையீரலில், காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழுவழுப்பு போதிய அளவு ஊறியிருக்காது. அதை வெளியிலிருந்து கொடுக்கும் மருந்துக்கு சர்ஃபக்டன்ட் என்று பெயர். ஒரு வகை மாட்டு நுரையீரலிலிருந்து எடுப்பது, இன்னொன்று பன்றியினுடையது. மாட்டுடையதைக் கூடுதலாக ஊற்ற வேண்டும். பன்றியுடையது கொஞ்சம் போதும். எது மேல் என்று படித்தவர்களே அடித்துக்கொள்கிறார்கள். தியாகதுருகம் தாண்டுவதற்குள் நானும் ஒரு கட்சியில் சேர்ந்திருந்தேன்.

அப்போதுதான் தங்கையின் கணவர் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பது ஞாபகம் வந்தது. அவர் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. பேத்திக்குப் பன்றி என்றால் மனிதர் என்ன ஆவார்? மாடு என்றால் மட்டும்?

வார்டு வாசலில் கறுப்பு வேட்டியோடு நின்றிருந்தார். மாலை போட்டவர்கள் பிரசவம் நடந்த இடத்தின் பக்கமே வர மாட்டார்கள். அதிலிருந்தே நான் புரிந்துகொண்டிருக்கலாம்.

“சாமி, போய் டீ வாங்கிக்கினு வாங்க” என்றேன், அவர் காதில் எதுவும் விழக்கூடாதென்று. உடனே கிளம்பிவிட்டார். கதவை ஒட்டி நான் நின்றுகொண்டேன்.

அப்போதுதான் வந்து சேர்ந்த மருந்துக் குப்பியோடு டாக்டரம்மா வந்தார்.

“ரெண்டுல எது மேடம் குடுக்கறீங்க? சைவத்துல ஏதாவது…”

“இது பன்னியோடது சார். ரெண்டுமே நல்லா வேலை செய்யும். சீக்கிரம் குடுக்கறதுதான் முக்கியம். கொஞ்சம் நகர்றீங்களா?”

நகர்ந்தபோது கண்ணாடி வழியே பார்த்தேன். உள்ளங்கை அகல மார்பு. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. நான் படித்ததில் அது இல்லை.

மறுநாள் குழி குறைந்தது. பிறகு ஒருநாள் மூக்கிலிருந்த குழாயையும் எடுத்தார்கள். தானாகவே மூச்சு விட்டாள்.

எனக்குத்தான் ரகசியத்தை வைத்திருக்க முடியவில்லை. இருமுடி கட்டும் அன்று, மலைக்குப் போகிறவரிடம் மறைக்கக் கூடாதென்று தனியே கூப்பிட்டு, மாடு பன்றி ஒப்பீடு உட்பட எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

“தெரியும் மச்சான். நீங்க வர்றதுக்கு முன்னாடியே டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இன்னாவா இருந்தா இன்னா, சீக்கிரம் ஊத்துங்கன்னேன்.”

“அப்புறம் ஏன் டீ வாங்கப் போனீங்க?”

“நீங்க வந்தா கதவ மறிச்சிக்கினு பேச ஆரம்பிச்சிடுவீங்க. நான் போனா பின்னாலயே வருவீங்கன்னு பாத்தேன். வரலியே.”