பீளமேடு தாண்டாத பஸ்

போன வாரம் சரஸ்வதி அக்காவிடமிருந்து போன். குரலே சரியில்லை.

"தம்பி, உங்கண்ணன் ரெண்டு நாளா ஒழுங்காச் சாப்படறதில்லீங்க. பஸ்சு பீளமேட்டுலயே நின்னு போகுதாம். வந்து என்னன்னு பாருங்க சாமி."

அண்ணன் என்றால் அவர் கணவர் செல்வராசு. காந்திபுரம்–அவிநாசி ரூட்டில் காலமெல்லாம் தனியார் பஸ் ஓட்டியவர். சர்க்கரை கண்ணைப் பாதித்ததும், ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா வாடிப்போவதைப் பார்த்த மகள், அதே ரூட்டில் பஸ் ஓட்டும் கேம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பெரிய டிவியில் இணைத்து, பிளாஸ்டிக் ஸ்டியரிங்கும் வாங்கிக் கொடுத்தாள். இப்போது அவருக்கு இருக்கும் ஒரே வண்டி அதுதான்.

அதற்கு மெக்கானிக்காக என்னை ஏன் கூப்பிட வேண்டும்? நான் எட்டாவதோடு நின்றவன். ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில் ஒரு பிரௌசிங் சென்டரில் வேலை பார்த்தேன் – படுக்கையும் அங்கேயே, டேபிளுக்கு அடியில். சிபியு பக்கத்தில் கதகதப்பாக இருக்கும். அந்த நெருக்கத்தை வைத்து எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று நம்புகிறார்கள்.

போனேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். அப்டேட் போட்டேன். கேமையே அழித்து மறுபடி ஏற்றினேன். அண்ணன் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவர்போல் நின்றார்.

நானே ஓட்டிப் பார்த்தேன். பீளமேடு தாண்டி அவிநாசி வரை ஜம்மென்று போனது.

அவர் உட்கார்ந்தார். பீளமேடு வந்தது... திரை உறைந்தது. கேம் காணாமல் போனது!

"பாத்தீங்களா கண்ணு? நீங்க ஓட்டுனாப் போகுது. நான் உக்காந்தா நின்னுருது. எனக்குக் கண்ணு போனது அதுக்கும் தெரிஞ்சு போச்சாட்ட இருக்குது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னொருக்கா ஓட்டுங்கண்ணா" என்றேன். இந்த முறை திரையை விட்டுவிட்டு அவர் கையைப் பார்த்தேன். பீளமேட்டில் முன்னால் ஒரு பஸ். அதைக் கண்டதும் கட்டைவிரல் தானாக ஹாரன் பட்டனுக்குப் போனது. அமுக்கினார். கேம் போயே போச்சு. நான்தான் அந்த பஸ்ஸின் பின்னாலேயே சாதுவாகப் போனவன் ஆயிற்றே!

"என்ன ஹாரனுங்கண்ணா இது?"

"நம்ம பழைய வண்டியோட ஏர் ஆரனுங்க. டிரைவருங்க வாட்ஸப் குரூப்புல வந்துது. மூணு நாளைக்கு முன்னாடிதான் புள்ளைகிட்டச் சொல்லி ஏத்திப்போட்டேன்."

கேமை அழித்தபோதும் அழியாமல் தனி ஃபோல்டரில் கிடந்த அந்த ஃபைல் கேமுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எடுத்துவிட்டு, கேமோடு வந்த ஹாரனை வைத்தேன். அமுக்கிப் பார்த்து முகம் சுளித்தார்.

"இது ஸ்கூட்டி ஆரனுங்க. கோழி கூட ஒதுங்காது."

"அப்ப ஹாரன் அடிக்காமயே போயிருங்கண்ணா."

"முன்னாடி போறவன் பின்னாடியே போறதுக்கு, டிக்கெட் எடுத்துப் பாசஞ்சராப் போயிக்கலாமுங்களே!"

முனகிக்கொண்டே ஓட்டினார். மறுபடி பீளமேடு. மறுபடி அதே பஸ். கட்டைவிரல் எழுந்து... நின்றது. அடுத்த நொடி அவர் தொண்டையிலிருந்தே வந்தது – "பாம்... பபபாம்... பாஆஆம்!"

சமையலறையில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. எங்கள் பஸ் முந்திக்கொண்டு போனது.

அவிநாசியில் பிரேக் போட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தார். "டைமுக்கு வந்துட்டனுங்க. சரசு... சோத்தப் போடு!"

ரிப்பேர் என்று கூப்பிட்டால் நாம் மெஷினையே நோண்டுகிறோம். ஓட்டுகிற ஆளை யார் பார்க்கிறோம்? இந்தப் பெருமையில் ரெண்டு நாள் மிதந்தேன்.

மூன்றாம் நாள் அக்காவின் போன். பின்னணியில் "பபபாம்!"

"தம்பி... அந்த கேமை மறுபடியும் பீளமேட்டுலயே நின்னு போற மாதிரி பண்ண முடியுமுங்களா?"