ஸ்டெல்லாவோடு ஏழு எட்டு

சனிக்கிழமை காலை ஆய்வகத்தில் இருந்தேன். கருநீலத் துணித் துண்டு ஒன்றை வெள்ளைத் துணியோடு சேர்த்துத் துவைத்து, சாயம் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது செல்பேசியில் ஸ்டெல்லாவின் பெயர் வந்தது. எடுத்தேன். பேசியது அவருடைய கணவர் ராஜன். “அக்கா, ஸ்டெல்லா போயிட்டா” என்றார்.

அந்த நொடியில் எனக்கு முதலில் தோன்றியதை எழுதிவிட வேண்டும். அதை மறைத்தால் இந்தக் கட்டுரையின் மற்ற வரிகளை யாரும் நம்ப வேண்டியதில்லை. என் தம்பிக்குக் கிடைக்கவிருந்த சிறுநீரகம் போய்விட்டது என்பதுதான் முதலில் தோன்றியது. ஸ்டெல்லா போய்விட்டார் என்பது அதற்குப் பிறகே உறைத்தது.

ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவு சூபர்வைசராக இருந்தவர் ஸ்டெல்லா. வயது நாற்பத்து நான்கு. தெற்கே நாசரேத் பக்கத்து ஊர். கல்யாணமான மறுமாதம் திருப்பூருக்கு வந்தவர், பேச்சில் மட்டும் கடைசிவரை ஊரை விடவில்லை. அவரோடு மேசையில் நின்று துணி பார்த்த பெண்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்த ஸ்டெல்லா டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே, ஒரு நடைபாதையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்.

திங்கள், புதன், வெள்ளி. மதியம் ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை. உள்ளே ராஜனும் என் தம்பி கோகுலும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடப்பார்கள். ராஜன் தையல்காரர். கோகுல் நிட்டிங் மெஷின் மெக்கானிக். இருவருக்கும் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. ரத்தம் குழாய் வழியே வெளியே போய், சுத்தமாகித் திரும்ப நான்கு மணி நேரம் ஆகும்.

முதல் நாள் அவர் என்னிடம் பேசவில்லை. கோகுலைத்தான் நிறுத்தினார். அவன் சட்டை விளிம்பை இரண்டு விரலால் திருப்பிப் பார்த்து, “இந்த பனியன எந்தக் கம்பெனி தம்பி பாஸ் பண்ணுச்சு? கீழ்த் தையல் ஓடியிருக்கே, பாக்கலியா?” என்றார். கோகுல் பல மாதங்களுக்குப் பிறகு சிரித்ததை அன்று பார்த்தேன்.

இரண்டாம் வாரம் அவர் பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தார்.

“சீட்டெல்லாம் எனக்குத் தெரியாதுங்க” என்றேன்.

“நாலு மணி நேரம் செவுத்தப் பாக்கது மட்டும் தெரியுமாக்கா?”

அவருடைய லைனில் வேலை செய்த பீகார்ப் பெண்கள் சாப்பாட்டு இடைவேளையில் ஆடுவார்களாம். ‘சாத் ஆட்’ என்பார்களாம். ஸ்டெல்லா அதை ‘ஏழு எட்டு’ ஆக்கிவிட்டார். இரண்டு பேர் மட்டும் ஆடும் ஆட்டம். தெரியாதவர்களுக்காக, அவர் எனக்குச் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன்.

சீட்டுக்கட்டிலிருந்து முப்பது சீட்டுதான் வேண்டும். நான்கு இனத்திலும் எட்டிலிருந்து ஆஸ்வரை இருபத்தெட்டு. அதோடு சிவப்பில் ஆட்டின் ஏழும், கறுப்பில் இஸ்பேட் ஏழும். ஆளுக்குப் பதினைந்து. முதலில் ஐந்து ஐந்தாகப் போட வேண்டும். சீட்டுப் போடாத மற்றவர் தன் ஐந்தை மட்டும் பார்த்துத் துருப்பு எது என்று சொல்லிவிட வேண்டும். மீதிப் பத்தும் அதற்குப் பிறகுதான் வரும். துருப்புச் சொன்னவர் முதல் சீட்டு இறங்குவார். எதிராளி அதே இனத்தில் போட வேண்டும். இல்லையென்றால் துருப்பால் வெட்டலாம், வேண்டாத சீட்டையும் கழிக்கலாம். விழும் இரண்டு சீட்டும் சேர்ந்து ஒரு பிடி, பெரிய சீட்டு அதை எடுக்கும். துருப்பு விழுந்தால் துருப்பு எடுக்கும். எடுத்தவர் அடுத்ததை இறங்குவார். மொத்தம் பதினைந்து பிடி. துருப்புச் சொன்னவர் எட்டு எடுக்க வேண்டும், சீட்டுப் போட்டவர் ஏழு எடுத்தால் போதும். அடுத்த ஆட்டத்தில் மற்றவர் போடுவார்.

“அஞ்ச வச்சு எப்படிங்க துருப்புச் சொல்றது? மீதி பத்துல என்ன வரும்னே தெரியலையே” என்று கேட்டேன்.

“பதினஞ்சையும் பாத்துட்டுச் சொல்லணும்னா அதுக்குப் பேரு வெளாட்டா? பரீட்ச பேப்பர் முன்னாலயே கைக்கு வந்த மாரில்லா!”

கடைசி விதிதான் இந்த ஆட்டத்தின் உயிர். தன் பங்குக்கு மேல் எத்தனை பிடி எடுத்தாரோ, அடுத்த ஆட்டத்தில் அத்தனை சீட்டு எதிராளியின் கையிலிருந்து பார்க்காமல் உருவலாம். உருவிய ஒவ்வொன்றுக்கும் தன்னிடம் வேண்டாத ஒன்றைத் திருப்பித் தர வேண்டும். ஸ்டெல்லா என் கையிலிருந்து உருவும்போது கண்ணை மூடிக்கொள்வார். விரல் நுனியால் சீட்டுகளை வருடி ஒன்றை எடுப்பார். பெரும்பாலும் ராஜாவோ ஆஸோ வரும். துணியில் ஓட்டையைக் கண்ணுக்கு முன்னால் விரல்தான் கண்டுபிடிக்கும் என்பார். நான் வேதியியல் படித்தவள், நம்பவில்லை. ஆனால் என் சீட்டுகளைத்தான் இழந்துகொண்டிருந்தேன்.

செக்கிங்கில் பழுது இருக்கும் இடத்தில் ஒட்டுகிற சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒரு தாள் எப்போதும் அவர் பையில் இருக்கும். நான் தவறான சீட்டை இறங்கினால் என் சேலைத் தலைப்பில் ஒன்று விழும். ஒருநாள் ஆறு அம்புக்குறிகளோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்திருக்கிறேன். நர்ஸ் ஒருவர் வந்து, “ஏனுங்க, ஆஸ்பத்திரில சீட்டு ஆடலாமுங்களா?” என்று கேட்டபோது ஸ்டெல்லா நிமிராமலே, “ஊசி போட்டுட்டு வாங்கம்மா, அடுத்த கை ஒங்களுக்கு” என்றார்.

இப்படி ஏழெட்டு மாதம் போயிற்று. உள்ளே இருவரும் கறுத்து, வற்றிக்கொண்டே வந்தார்கள். மாற்றுச் சிறுநீரகம் ஒன்றுதான் வழி என்று டாக்டர் சொன்னார். தம்பிக்கு என்னுடையதைக் கொடுக்க முன்வந்தேன். பரிசோதித்தார்கள். எனக்கு பி வகை ரத்தம், அவனுக்கு ஏ. சேராது. அதே வாரம் ஸ்டெல்லாவும் தன்னுடையதை ராஜனுக்குக் கொடுக்கக் கேட்டிருந்தார். அங்கும் சேரவில்லை.

அன்று நாங்கள் ஆடினோம், ஆனால் யாரும் பிடிகளை எண்ணவில்லை. திடீரென்று அவர் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார்.

“அக்கா, ஒங்களுக்கு என்ன ரத்தம்?”

“பி.”

“எங்க வீட்ல அவியளுக்கும் பி தான். கோகுல் தம்பிக்கு?”

“ஏ.”

“எனக்கு ஏ.” என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “எனக்கு வேண்டியது ஒங்க கையில இருக்கு. ஒங்களுக்கு வேண்டியது எங் கையில இருக்கு. உருவிக்கிடலாமாக்கா?”

முதுகலை படித்த எனக்கு அது தோன்றவில்லை. பத்தாவது படித்த அவருக்குத் தோன்றியது. டாக்டரிடம் போனோம். இரண்டு பக்கமும் நெருங்கிய உறவாக இருந்து, சொந்தத்துக்குக் கொடுக்க முடியாமல் போனால், இப்படி மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்றார் அவர்.

அங்கேயே சரி என்று சொல்லியிருக்கலாம். “படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேனுங்க” என்றேன்.

படித்தேன். ஒன்றரை மாதம் படித்தேன். எதையும் இரண்டாம் முறை சோதிக்காமல் கையெழுத்துப் போடாதவள் என்று தொழிலில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்கு உண்மையாக இருந்தேன். அந்த ஒன்றரை மாதமும் திங்கள், புதன், வெள்ளி அவர் என் எதிரில் உட்கார்ந்து சீட்டுப் போட்டார். ஒருமுறைகூட முடிவைக் கேட்கவில்லை. கடைசியில் நான்தான் கேட்டேன்.

“ஒரு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு, இன்னொண்ணு தோத்துப்போச்சுன்னா என்னங்க பண்றது, ஸ்டெல்லா? கொடுத்ததைத் திருப்பி வாங்க முடியாதுங்களே.”

அவர் கலைத்துக்கொண்டிருந்தார். “பதினஞ்ச ரெண்டு பேருக்குச் சமமாப் பிரிக்க முடியாதுக்கா. ஒருத்தருக்கு எட்டு, ஒருத்தருக்கு ஏழு. அது தெரிஞ்சுதான உக்காருதோம்?”

அன்று மாலையே சம்மதம் என்றேன். அவர் எழுந்து உள்ளே போய், இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்று, “ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க, இனிமே நீங்க சொக்காரங்க, ஒரே ரத்தம்!” என்றார்.

அதன் பிறகு கோயம்புத்தூருக்கும் இங்குமாக அலைந்தோம். ஸ்கேன், ரத்தம், கையெழுத்து, போட்டோ, மறுபடி ரத்தம். அனுமதி வந்தது. நான்கு பேருக்கும் ஒரே நாளில் அறுவை. தேதி குறித்தார்கள். அதற்கு முன் சளி, காய்ச்சல் எது வந்தாலும் உடனே தெரிவிக்க வேண்டும், வந்தால் தேதி தள்ளிப்போகும் என்று எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்கள். தலையாட்டினோம்.

தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. திங்கட்கிழமை. முந்தின ஆட்டத்தில் நான் ஒரு பிடி அதிகம் எடுத்திருந்தேன். அவர் கையிலிருந்து ஒரு சீட்டை உருவினேன். சீட்டு சுட்டது.

“உங்களுக்குக் காய்ச்சல் அடிக்குதுங்க.”

“மேலுவலிதான். நேத்து நின்னுட்டே வேல.”

“ரத்தம் எடுத்துப் பாத்துருங்க.”

“அய்யோ, டாக்டர்ட்ட சொல்லிராதீங்க. தேதி போயிரும்க்கா. அடுத்த தேதி என்னைக்குக் குடுப்பாவளோ? அதுவரைக்கும் இவிய தாங்குவாவளா, ஒங்க தம்பி தாங்குவாரா, சொல்லுங்க.”

நான் டாக்டரிடம் சொல்லவில்லை. எதையும் நம்பாதவள், மேலுவலி என்பதை நம்பினேன். கோகுலுக்கு அந்த வாரம் மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. என் பையில் இருந்த காய்ச்சல் மாத்திரை அட்டையை எடுத்து நானே அவர் கையில் கொடுத்தேன். உருவிய சீட்டுக்குப் பதிலாகக் கிளாவர் எட்டைத் திருப்பித் தந்தேன். ஆட்டம் தொடர்ந்தது.

புதன்கிழமை காய்ச்சல் இல்லை. மாத்திரையில் அடங்கிவிட்டது என்று இருவரும் சந்தோஷப்பட்டோம். சிரித்துக்கொண்டேதான் சீட்டுப் போட்டார். நான்காவது பிடியில், இஸ்பேட் கையில் இருந்தும் துருப்பால் வெட்டினார். ஒருநாளும் அவர் செய்யாத தவறு. “ஏனுங்க, இஸ்பேட் இல்லீங்களா?” என்றேன். சீட்டுகளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். “எல்லாம் ஒண்ணு போலத் தெரியுதுக்கா” என்றார். எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

டெங்கு. காய்ச்சல் விட்ட பிறகுதான் அபாயமான நேரம் என்று அன்று மாலை டாக்டர் சொன்னார். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. திங்கட்கிழமையே வந்திருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நல்ல மனிதர். மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தது.

உடலை நாசரேத்துக்குக் கொண்டுபோகவில்லை. அவ்வளவு தூரம் போய்த் திரும்ப ராஜனால் முடியாது. திங்கள் ஒரு மணிக்கு அவர் கட்டிலில் இருந்தாக வேண்டும். ஞாயிறு காலை இங்கேயே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். அவருடைய லைனிலிருந்து முப்பது, நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள். பீகார்ப் பெண்கள் தனியாக ஒரு மரத்தடியில் நின்று சத்தமில்லாமல் அழுதார்கள். நான் ராஜனின் பக்கத்தில் நின்றேன். மாத்திரை கொடுத்ததை அவரிடம் சொன்னேன். “காய்ச்சல்னு எனக்கும் தெரியும்க்கா. நானும்தான் சொல்லலை” என்றார்.

ஜோடி உடைந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் எங்கள் ஃபைலை மூடிவிட்டார்கள். கோகுலுக்கு இப்போது யாரும் இல்லை. இறந்தவர்களிடமிருந்து வரும் உறுப்புக்காகப் பட்டியலில் பெயர் இருக்கிறது. அந்தப் பட்டியலின் நீளத்தை அவனும் அறிவான்.

திங்கட்கிழமை இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்று, என்னுடையதை ராஜன் எடுத்துக்கொள்ளட்டும் என்றேன்.

“வேண்டாம்க்கா. ஒங்க தம்பிக்கு இல்லாதது எனக்கு எதுக்கு?” என்றார் ராஜன்.

கோகுல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். திரும்பாமலே ராஜனிடம் பேசினான். “நீங்க வேண்டாம்னுட்டா எனக்கு வந்துருமுங்களா? உன்றது எனக்குச் சேராது அக்கா. வெச்சிருந்து என்ன பண்ணப் போற? குடுத்துரு.” பிறகு, “ஸ்டெல்லாக்கா உன்கிட்டக் கேட்டுதுல்ல” என்றான். அந்தப் பக்கம் போய் அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

உறவல்லாதவர் கொடுப்பதானால் அனுமதிக் குழு விசாரிக்கும். எளிதில் சம்மதிக்காது, சம்மதிக்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். ஏழைகளின் உடலில் வியாபாரம் நடந்த நாடு இது. நான் குழுவில் இருந்தாலும் என்னை நம்ப மாட்டேன். அதற்குள் ராஜன் இருப்பாரா, அவர் பிழைத்தால் பக்கத்துக் கட்டிலில் கோகுல் இருப்பானா என்பதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை, தேடிவிட்டேன்.

நேற்று விண்ணப்பம் கொடுக்கப் போனேன். ‘பெறுபவருக்கும் உங்களுக்கும் உள்ள தொடர்பு’ என்று ஒரு கட்டம். அதில், ‘இவருடைய மனைவியும் நானும் சீட்டு ஆடினோம்’ என்று எழுதியிருந்தேன். கவுன்ட்டரில் இருந்தவர் வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இப்படியெல்லாம் எழுதக் கூடாதுங்க மேடம். குடும்ப நண்பர்னு போடுங்க. இதைப் பாத்தாத் தள்ளிருவாங்க.”

“நடந்தது அதுதானுங்க.”

அவர் பேனாவை எடுத்து அந்த வரியை அடிக்கப் போனார். நான் தாளின் மேல் கையை வைத்துக்கொண்டேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. கடைசியில் அப்படியே முத்திரை குத்தி உள்ளே வைத்தார்.

போய் வாருங்கள், ஸ்டெல்லா. குழு என்னைக் கூப்பிட்டுக் கேட்கும்போது, திங்கட்கிழமை சொல்லாமல் விட்டதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொல்வேன்.