வெளியே: சித்திரை ஒன்று

எங்கள் கார் எண்ணெய் குடிக்க ஆரம்பித்த வருடம் எனக்கு ஒன்பது வயது. வெளிர் நீலத்தில், ஸ்டியரிங்கை ஒட்டியே கியர் இருக்கும் பழைய கார். வாரநாளெல்லாம் பொன்மலை குவார்ட்டர்ஸின் தகரக் கொட்டகையில் தூங்கும். ஞாயிறு மட்டும் எங்களை ஸ்ரீரங்கத்தில் சித்தி வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போகும். காவிரிப் பாலம் வந்ததும் அம்மா, "மெதுவாப் போங்க, தண்ணியப் பார்க்கணும்" என்பாள். தண்ணீர் இல்லாத மாதங்களிலும் அதையேதான் சொல்வாள். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். எனக்கு மானம் போகும்.

நீலப் புகை அதிகமானபோது, எஞ்சினை இறக்கி வீட்டிலேயே பிரிப்பது என்று முடிவானது. அப்பா ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். வெளி மெக்கானிக்கைத் தொடவிடமாட்டார். எதை முதலில் கழற்றுவது, எதை எந்த டப்பாவில் போடுவது, லேத்துக்கு எது போகவேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, அம்மா ஒரு நோட்டில் எழுதினாள். திரும்பப் பூட்டும் வேலையை நோட்டின் பின்பக்கத்திலிருந்து தனியாக எழுதிக்கொண்டு வந்தாள். "போன்ல போட்டோ எடுத்துக்கிட்டா போதாதா?" என்று கேட்டேன். "போன் கெட்டுப்போனா என்ன பண்றது?" என்றாள்.

அந்த மாதங்களில் அவள் புத்தூருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். திரும்பி வந்தால் படுத்துவிடுவாள், படுத்தபடியே எழுதுவாள். வயிற்றில் கட்டி, மருந்து கொடுக்கிறார்கள் என்பதுதான் எனக்குச் சொல்லப்பட்டது. நானும் அதற்குமேல் கேட்கவில்லை. எனக்குக் கார்தான் கவலை.

பணிமனையில் பழுதுக்கு வரும் ரயில் பெட்டியின்மேல், உள்ளே வந்த நாளையும் வெளியே போகவேண்டிய நாளையும் சாக்பீஸால் எழுதுவார்களாம். அந்த வழக்கப்படி அப்பா கொட்டகைச் சுவரில் "உள்ளே: ஆனி ஒன்று" என்று எழுதினார். அதன் கீழே "வெளியே" என்று எழுதிவிட்டு, "ஆயுத பூஜைக்குள்ள முடிச்சிடலாம்" என்றார். அம்மா சாக்பீஸை வாங்கி, "சித்திரை ஒன்று" என்று எழுதினாள்.

"பத்து மாசமா? எனக்கு நாலு மாசம் போதும்."

"பதறாத காரியம் சிதறாதுங்க. மெதுவாச் செய்யுங்க."

அப்பா பழந்துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கையில் அன்று அழுக்கே இல்லை.

எனக்குத் தலையில் இடி விழுந்தது. ஆயுத பூஜையன்று மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பும் காரில் ஏற்றிக்கொள்வதாகத் தெருப்பிள்ளைகள் நாலு பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். மறுநாள் ஸ்கூல் விட்டு வந்ததும் சித்திரையை அழித்துவிட்டு, "ஆயுத பூஜை" என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அவ்வளவு கோணலான கையெழுத்து வீட்டில் வேறு யாருக்கும் கிடையாது என்பது அப்போது தோன்றவில்லை.

அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தவள், அதை அழித்துவிட்டு மறுபடி "சித்திரை ஒன்று" என்றே எழுதினாள். நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்க நின்றாள்.

"அப்பாவுக்கு அத்தனை நாளைக்கு வேலை வேணும்டி. கை சும்மா இருந்தா அவரு என்ன பண்ணுவாரு?"

பணிமனையில் வேலை பார்க்கிறவருக்கு வேலைக்கு என்ன பஞ்சம்? கோபத்தில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அந்த இரண்டு நாட்களை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு வலிக்கிறது.

ஆயுத பூஜைக்கு எஞ்சின் பலகைமேல் பிரிந்து கிடந்தது. அதற்குத்தான் பொட்டு வைத்தோம். ஐப்பசியில் அம்மா போய்விட்டாள்.

கார்த்திகை முழுக்க அப்பா கொட்டகைப் பக்கமே போகவில்லை. மார்கழியில் ஒரு நாள் நோட்டைப் பின்பக்கத்திலிருந்து திறந்தார். பூட்டும் வேலைக்கு நடுநடுவே, அவர் சொல்லாததையும் அம்மா எழுதியிருந்தாள். பிஸ்டனில் ரிங் மாட்டும் பக்கத்தில், "இன்னிக்கு இது போதும். கையக் கழுவிட்டு பாப்பாவுக்குத் தலை பின்னி விடுங்க. மூணு காலாப் பிரிச்சு." எஞ்சின் ஹெட்டை இறுக்கும் பக்கத்தில், "சாப்டீங்களா?"

அப்பா ஒரு நாளும் ஒரு பக்கத்துக்கு மேல் போனதில்லை. பக்கம் முடிந்ததும் என்னை உட்காரவைத்துப் பின்னுவார். மண்ணெண்ணெய் நாறுகிறது என்று நான் அழுவேன். அவர் மறுபடி கை கழுவிவிட்டு வருவார்.

சித்திரை ஒன்றாம் தேதி கார் வெளியே வந்தது. புகையே இல்லை. சித்தி வீட்டுக்குக் கிளம்பினோம். காவிரிப் பாலத்தில் ஏறியதும் அப்பா வேகத்தைக் குறைத்தார். ஆற்றில் வெறும் மணல்தான். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"எஞ்சின்தான் புதுசாயிடுச்சே, இன்னும் ஏம்ப்பா மெதுவாப் போறீங்க?" என்று சிடுசிடுத்தேன்.