லூயெல்லா ஒட்டிப் பிரித்த துப்பாக்கி

லூயெல்லா பிராண்டுக்கு உடைந்த பொருளைக் கண்டால் கை சும்மா இருக்காது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் அந்தச் சின்ன ஊரில் அவள் பட்டறைக்கு வராமல் தப்பித்த வயலின் கிடையாது. கழுத்து ஒடிந்து வரும், வயிறு பிளந்து வரும். திரும்பிப் போகும்போது எங்கே ஒட்டினாள் என்று உரியவர்களே தேடுவார்கள். ஊரில் ஏகப்பட்ட மரியாதைதான், ஆனால் யாரும் கைதட்டியதில்லை. ஒட்டிய இடமே தெரியவில்லை என்றால் எதைப் பார்த்துத் தட்டுவது? அந்த ஒரு குறை அவளுக்கு உள்ளுக்குள் இருந்தது.

பால் லாரி ஓட்டும் அவள் கணவன் ஆரினுக்குப் பழைய ராணுவத் துப்பாக்கிகள் மேல் பைத்தியம். அவளுக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. "அலமாரிக்குள்ள இருக்கிற வரைக்கும் எனக்கு வம்பில்ல" என்பாள். ஆனால் அந்த ஆண்டு ஆரின் துள்ளிய துள்ளலைப் பார்த்து அவளுக்கே ஆசை வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரிலிருந்து சிப்பாய்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த துப்பாக்கிகளுக்கென்று சேகரிப்பாளர் சங்கம் தனிக் காட்சி வைக்கப்போகிறது. ஆரினின் அப்பா கிளெமென்ஸ் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த துப்பாக்கியும் அதில் நிற்கப்போகிறது. போரிலிருந்து வந்ததுதான் என்று நடுவர்கள் மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அதில்தான் சிக்கல். ராணுவம் கொடுத்த அத்தாட்சியைக் கிளெமென்ஸ் எப்போதோ தொலைத்துவிட்டார். சங்கத்தில் கேலார்ட் புரூயிட் என்று ஒரு மனிதர். அவருக்கு இதைச் சொல்லிச் சிரிக்காவிட்டால் காப்பி இறங்காது. "யோவ் ஆரின், உங்கப்பா அதைச் சண்டையிலயா புடிச்சாரு? கடையில வாங்கியிருப்பாரு, விடுய்யா!" கிளெமென்ஸ் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் இதை விடவில்லை. செத்துப்போன அப்பாவைப் பொய்யர் என்று சொன்னால் எந்த மகனுக்குத்தான் பொறுக்கும்?

காட்சிக்கு முந்தின வாரம், ஆரின் வேலைக்குப் போயிருந்தபோது, துடைத்தாவது வைப்போமே என்று லூயெல்லா அந்தத் துப்பாக்கியை எடுத்தாள். குழாயையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் இரும்புப் பட்டையைக் கழற்றினாள். கட்டை இரண்டாக அவள் கையில் வந்தது. யாரோ குறுக்கே ரம்பத்தால் அறுத்திருந்தார்கள். அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, உள்ளூரச் சந்தோஷமாகவும் இருந்தது. வயலினுக்குப் போடும் வஜ்ஜிரப் பசையை, தோலைக் காய்ச்சி எடுப்பதை, சூடாக்கினாள். ரம்பம் தின்ற இடத்தில் மெல்லிய மரச் சீவல் ஒன்றை வைத்து ஒட்டினாள். மேலே அரக்கு மெருகு ஒரு கை. ஒட்டிய இடம் அவள் கண்ணுக்கே தெரியவில்லை. பட்டையை மாட்டி, காட்சிக்குப் போகும் பெட்டியில் வைத்து மூடினாள்; ஆரினிடம் மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை, சந்தைத் திடல் மண்டபத்தில், மேசைக்கு மேசை துப்பாக்கிகளும் பேரமும் சிரிப்புமாக இருந்த இடத்தில், ஆரின் பெட்டியைத் திறந்தான். உள்ளே கட்டை புதுசு மாதிரி பளபளத்தது.

"லூ... என்ன பண்ணின இதை?"

"நல்லா இருக்கில்ல? எவனோ அறிவு கெட்டவன் அறுத்து வச்சிருந்தான். எங்க ஒட்டினேன்னு கண்டுபிடி பாப்போம்!"

"அந்த அறிவு கெட்டவன் எங்கப்பா."

ஆரின் இரும்புப் பட்டையை விரலால் தட்டிக் காட்டினான். "முழுத் துப்பாக்கி சிப்பாயோட பையில நுழையாது, லூ. அதனால பட்டைக்கு அடியில அறுத்து, ரெண்டாக்கிப் பையில போட்டுக் கொண்டாந்தாங்க. கடைத் துப்பாக்கியில அந்த வெட்டு இருக்காது. எங்கிட்ட இருந்த ஒரே சாட்சி அதுதான். இங்க கீறலும் அழுக்கும் வெட்டும் இருந்தபடி இருந்தாத்தான் மதிப்பு. போன வருஷம் ஒருத்தன் மெருகு போட்டுக் கொண்டாந்தான், பாதி விலைக்குக்கூட சீந்துவார் இல்ல."

இப்படிப்பட்ட நேரத்தில் கேலார்ட் வராமல் இருப்பாரா? "அடேங்கப்பா, கல்யாண மாப்பிள்ளை மாதிரி மின்னுது! நேத்துதான் வாங்கினியா?"

நடுவர்கள் அடுத்த வரிசையில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஆரின் அவசரமாகக் கேட்டான்: "தேய்ச்சியா? உப்புத்தாள் போட்டியா?"

"சேச்சே! உப்புத்தாளா? நானா?" சொல்லும்போதே அவள் முகம் பளிச்சென்றது. "ஆரின்! அடுத்த ரிப்பேர்காரன் பிரிக்க முடியாத மாதிரி நான் எதையும் ஒட்டறதில்ல! வயலின் பழக்கம்! வஜ்ஜிரம் ஆவி பட்டா விட்டுரும்! அரக்கு ஸ்பிரிட்டுல கரைஞ்சுரும்! தூக்கு, காப்பிக் கடைக்கு ஓடு!"

ஓடினார்கள். வழியிலேயே ஆரின் பட்டையைக் கழற்றி, குழாயைப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டான். காப்பிக்காரி வாயைத் திறப்பதற்குள் கட்டை கெண்டியின் ஆவிக்கு மேலே இருந்தது. துப்பாக்கி துடைக்கும் ஸ்பிரிட்டைப் பக்கத்து மேசைக்காரர் நீட்டினார். துணியில் மெருகு பழுப்பாக இறங்க, அடியில் பழைய மங்கல் மரம் ஒரு கீறல்கூடக் குறையாமல் வெளியே வந்தது. ஒட்டு மட்டும் அசையவில்லை.

"பாழாப்போன பசை! ஏன்தான் இவ்வளவு நல்லா ஒட்டினேனோ!" என்று சொல்லிக்கொண்டே அவள் கைப்பையிலிருந்த மெல்லிய கத்தியை ஒட்டுக்குள் கொடுத்தாள். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. "நடுவருங்க வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்று யாரோ சொன்னார்கள்.

டிக்.

சீவல் கழன்று விழுந்தது, கட்டை இரண்டாயிற்று. பசையை வெந்நீர்த் துணியால் துடைத்து நடுவர் கையிலேயே கொடுத்தாள். அவர் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். அறுத்த முகம் முழுக்க ஐம்பது வருட எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. ரம்பம் நேராகத் தொடங்கி, அவசரத்தில் கோணிக்கொண்டு ஓடியிருந்தது.

"நேத்து அறுத்ததில்ல இது. பையில வந்த துப்பாக்கிதான்" என்றார்.

கேலார்ட் தானும் வாங்கிப் பார்த்தார். விரலால் அந்தக் கோணலைத் தடவினார். பிறகு தொப்பியைக் கழற்றினார். "உங்கப்பா கொண்டாந்ததுதான்யா, ஆரின். நான்தான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இல்ல."

ஆரின் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, லூயெல்லாவின் ஈரக் கையைப் பிடித்து மேலே தூக்கினான். "ஒட்டினதும் இவதான், பிரிச்சதும் இவதான்!"

மண்டபம் முழுக்கக் கைதட்டியது. காப்பிக்காரிகூடக் கெண்டியை இறக்கிவைத்துவிட்டுத் தட்டினாள். லூயெல்லாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"இத்தனை வருஷம் ஒட்டினேன், ஒருத்தரும் தட்டல" என்றாள் ஆரினிடம். "இன்னிக்குத்தான் பிரிச்சேன்!"