பதினாலு புள்ளி நாலு போதும்

கார் ஆடியோ கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சத்தம் வேண்டும். அதற்கான மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க ஒருவருக்கும் நேரமில்லை. விளக்கி விளக்கியே தொண்டை வறண்ட தொழில் தோழர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

கேட்டது பதினாறு

செல்வம், சிங்கப்பூர் தேக்கா பூக்கடை ஒன்றின் மாலைகளை வேனில் கொண்டுபோய்க் கொடுப்பவர். பாட்டின் டிரம் அடி விழும்போதெல்லாம் வேனின் முன்விளக்கு மங்குகிறதாம். இணையத்தில் வாங்கிய ரெகுலேட்டரை நீட்டி, சார்ஜ் வோல்ட்டேஜைப் பதினாறுக்கு ஏற்றச் சொன்னார். பேட்டரி கொதித்துவிடும் என்றேன். "அண்ணே, நீங்க கப்பல் பட்டறையில சம்பளத்தைக் கூட்டச் சொல்லிச் சண்டை போட்டவரு. வோல்ட்டைக் கூட்டச் சொன்னா மட்டும் ஏன் முதலாளி மாதிரி பேசுறீங்க?"

துண்டறிக்கை

அங்கேயே ஒரு தாளில் எழுதினேன். பாட்டைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபயர் பதினாறு தாங்கும். பேட்டரியின் மேல் போட்டிருக்கும் உச்சமோ பதினாலு புள்ளி ஏழு. எது குறைவாகத் தாங்குமோ அதற்குக் கீழேதான் மற்ற எல்லாமே நிற்க வேண்டும். மெல்லிய கம்பியைத் தடித்ததாக மாற்றினேன்; ரெகுலேட்டரைப் பொருத்திப் பதினாலு புள்ளி நாலில் வைத்து, மீட்டரில் அளந்து காட்டினேன். செல்வம் தாளைப் படிக்காமலே சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கூட வேலை செய்யும் ஹமீது சிரித்தார். "தலைவரே, நாப்பது வருஷமா சங்கத்து நோட்டீஸ் எழுதிக் குடுக்குறீங்க. எவன் படிச்சான்?"

கல்யாண மாலை

இரண்டே வாரம். ஏதோ காணொளியைப் பார்த்துவிட்டு, செல்வம் தானே ரெகுலேட்டரின் திருகாணியைத் திருகிப் பதினைந்தே முக்காலுக்கு ஏற்றிவிட்டார். அந்த வேனில் பேட்டரி இருக்கைக்கு அடியில். அது கொதித்து, உள்ளே ஒரே கந்தக வாடை. பின்னாலோ கல்யாண மாலைகள். தெம்பனிஸ் மண்டபத்தில் பெண்ணின் தாய்மாமன் மாலையை முகர்ந்து பார்த்துக் கேட்டாராம்: "தம்பி, இது ரோஜாவா, அழுகுன முட்டையா?"

முதல் வாசகி

பூக்கடைக்கார அம்மா செல்வத்தை வேலையை விட்டு நிறுத்துவதாகச் சொல்லிவிட்டார். ஐம்பத்தெட்டு வயதில் அந்த மனிதர் எங்கே போவார்? புது பேட்டரி போட்டு, பழைய அளவுக்கே இறக்கி, திருகாணி மேல் பெயிண்ட் அப்பிவிட்டு, நானும் கூடப் போனேன். இனி வாடை வந்தால் நான் பொறுப்பு என்று சொல்லி, செல்வத்தின் பையில் மடங்கிக் கிடந்த அதே தாளை வாங்கி நீட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தார். செல்வம் இருக்கட்டும் என்றார். பிறகு என் பக்கம் குனிந்தார். "நானும் அந்த வேன்லதான் வீட்டுக்குப் போறேன் லா. பாட்டு கொஞ்சம் கம்மியாத்தான் கேக்குது. ஒரு புள்ளி மட்டும் கூட்ட முடியுமா?"

வாழ்நாள் முழுக்க ‘கூடுதல் கேளுங்கள்’ என்று எழுதியபோது அசையாத ஜனங்கள், ‘இது போதும்’ என்று நான் எழுதிய ஒரே தாளைப் படித்துவிட்டுத்தான் கூடுதல் கேட்கிறார்கள்.