தம்பிக்குக் குரல் கொடுத்த கடைக்காரன்

என் தம்பியின் வாயில் இல்லாத பேச்சைத் திணித்தவன் நீ. திண்டுக்கல்லில் பிளக்ஸ் கடை வைத்திருக்கிறாய். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் அடிக்கச் சொல்லி வந்தோம். வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

தம்பி பிறவியிலேயே வாய் பேசாதவன். காதும் கேட்காது. அய்யலூர் ஆட்டுச் சந்தையில் தரகு பார்த்தான். அங்கே விலையைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். கைமேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். அந்த ஒரு இடத்தில் அவன் யாருக்கும் குறைந்தவனில்லை. "வாயிருக்கிற பயலுக பூராம் புளுகுறாய்ங்க. இவென் விரலு புளுகாது" என்று வியாபாரிகள் அவனைத் தேடி வருவார்கள்.

வீட்டிலும் கைதான் பேச்சு. கிளம்பும்போது அம்மாவின் தோளில் இரண்டு தட்டு. சோற்றுக்கு வைத்த வெஞ்சனம் பிடித்திருந்தால் அவள் உள்ளங்கையில் ஓர் அழுத்து. பிடிக்காவிட்டால் கிள்ளுவான். "கிள்ளாதடா, நாளைக்கு நீயே ஆக்கித் தின்னு" என்று அம்மா, அவனுக்குக் கேட்காது என்று தெரிந்தும், ஏசுவாள். மாரடைப்பில் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு வயது முப்பத்தெட்டு.

பதினாறாம் நாள் பிளக்ஸோடு நீயே வந்தாய். "அக்கா, இதுக்குக் காசு வேணாம்" என்று செல்லை நீட்டினாய். நாங்கள் கொடுத்த போட்டோவில் தம்பி உதட்டை அசைத்தான். "அம்மா, நான் எங்கேயும் போகவில்லை. அழாதீர்கள்" என்றான். செய்தி வாசிப்பவன் போலக் கணீரென்ற குரல். பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து வந்து பார்த்தார்கள்.

"அவென் பேச மாட்டான்டா" என்றேன்.

"அது தெரியாதுக்கா. இருந்தாலும் நல்லாத்தான இருக்கு? இப்ப ஏஐல எல்லாம் வந்துருச்சுக்கா" என்றாய்.

கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அம்மா அன்றைக்கு அழவில்லை. வீடியோவைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். மறுநாள் காலையில் ஆரம்பித்தாள். "இம்புட்டு நல்ல குரலு எம்புள்ளைக்குள்ள இருந்திருக்கு. சின்னதுல மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி வைத்தியம் பாக்கச் சொன்னாக. பாவி, நாந்தான போகல."

"அது மிஷினு குரலும்மா."

"அவென் மூஞ்சி எனக்குத் தெரியாதாக்கும். போடீ."

அன்றிலிருந்து இதே பேச்சு. இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்குவதில்லை. அவன் கையை அவளைப்போலப் படித்தவர் யாருமில்லை. அவள்தான் இப்போது, பெற்ற பிள்ளையை ஊமையாக்கியதே தான்தான் என்று நம்புகிறாள்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். "ஒனக்கு என்னம்மா நட்டம்? அசிங்கமாவா போட்டுருக்கான்? நல்லதுதான சொல்றாப்ல" என்றார் ஏட்டு. செத்தவன் முகத்தை எடுத்துப் பேச வைக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றேன். அவருக்கும் தெரியவில்லை. உங்களை மாதிரி ஆட்களுக்கு அதுதான் வசதி.

அந்த வீடியோவை உன் கடையின் பேஸ்புக் பக்கத்தில் விளம்பரமாகப் போட்டிருக்கிறாய். மிஷின் செய்தது என்று ஒரு வரி இல்லை. முன்பின் தெரியாத ஜனங்கள் கீழே அழுதிருக்கிறார்கள். அவன் பேசாதவன் என்று நான் எழுதியதை அழித்துவிட்டாய்.

அந்தப் பக்கத்திலேயே, எல்லோரும் பார்க்கப் பதில் சொல். யாரைக் கேட்டுச் செய்தாய்? அது எவனுடைய குரல்? அது தன் மகன் குரல் இல்லை என்று நான் சொன்னால் அம்மா நம்பவில்லை. நீ சொல்.