நாற்பத்து மூன்று வட்டங்கள்

என் மேசை இழுப்பறையில் ஒரு கொப்பியின் அட்டை கிடக்கிறது. அட்டை மட்டும்தான், உள்ளே ஒரு தாள்கூட இல்லை. முன்பக்கம் ஒரு பெண்பிள்ளையின் பெயரும் ‘தரம் பத்து, தமிழ்’ என்ற வரியும் இருக்கின்றன. பின்பக்கம் பெருக்கல் வாய்ப்பாடு. இருபது வருடம் தாள்களோடு என்னிடம் பத்திரமாக இருந்த கொப்பி, இந்த வருடப் பெற்றோர் கூட்டத்தன்றுதான் வெறும் அட்டையானது. அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வகுப்பில் நாங்கள் அவளை மொனிட்டர் என்றுதான் கூப்பிட்டோம்.

டயகமவுக்கு மேலே, பஸ் திரும்புகிற இடத்திலிருந்து அரைமணி நேரம் ஏறினால் வரும் தோட்டப் பள்ளிக்கூடம் அது. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பொகவந்தலாவையில் தோட்டத் தொழிலாளர் லயம் ஒன்றில் பிறந்து, முதுகு தடிக்க அடி வாங்கிப் படித்து, ஆசிரியர் நியமனமும் கையில் வாங்கியவன். அடிதான் என்னை ஆளாக்கியது என்று மனதார நம்பினேன். அந்த நம்பிக்கையோடு இருந்தவனிடம், பதினைந்து வயதாகியும் எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைகளின் வகுப்பை ஒப்படைத்தார்கள். முதல் நாளே சட்டம் போட்டேன்: ஒரு பிழைக்கு ஓர் அடி.

கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் குச்சியை மிலாறு என்போம். எல்லார் வீட்டு அடுப்பிலும் அதுதான் எரியும். திங்கட்கிழமை தோறும் வீட்டு விறகுக் கட்டிலிருந்து நேரான மிலாறு இரண்டை உருவி, கணு சீவி, என் மேசையில் வைப்பது மொனிட்டரின் வேலை. அவள் அதை ஒழுங்காகச் செய்தாள். கையில் சிராய் ஏறக்கூடாது என்று துணியால் தேய்த்துக் கொண்டுவருவாள். யார் கையில் என்று நான் யோசித்ததில்லை, என் கையில்தான் என்று எண்ணிக்கொண்டேன்.

மூன்று மாதத்தில் பிழைகள் பாதியாகக் குறைந்தன. பள்ளி அதிபர் ஆசிரியர் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார். நானும் தலைகால் புரியாமல் திரிந்தேன். உண்மையில் நடந்தது வேறு. கொழுந்து நிறுக்கும் இடத்தில் முற்றல் இலைக்கு எடையில் வெட்டு விழும் என்று தெரிந்தால் யாரும் அதைக் கூடையில் போடமாட்டார்கள். அந்தக் கூடைகளைச் சுமக்கிறவர்களின் பிள்ளைகளுக்கு என் சட்டம் உடனே விளங்கிவிட்டது. சந்தேகமான சொல்லை எழுதாமல் விட்டார்கள். பிறகு சந்தேகமான வரியையே விட்டார்கள். பக்கம் பக்கமாகக் கதை பேசுகிற பிள்ளைகள் கொப்பியில் மூன்று வரி எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ‘நான் கண்ட விபத்து’ என்று தலைப்புக் கொடுத்தபோது ஒருவன் ‘நான் விபத்து காணவில்லை’ என்று எழுதி முடித்தான். பிழை இல்லை, அடியும் இல்லை. கெட்டிக்காரன் என்று முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

அன்று மொனிட்டர் மட்டும் குனிந்த தலை நிமிராமல் எழுதினாள். மணி அடித்தும் எழுதினாள். பாதி வரியில் கொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனேன். ஓய்வறையில் பிளேன்டீ குடித்தபடி, பக்கத்து ஆசிரியரோடு கிரிக்கெட் பேசியபடி, சிவப்புப் பேனையால் வட்டம் போட்டேன். நான்கு பக்கம், நாற்பத்து மூன்று வட்டம். வட்டத்துக்குள் இருந்த சொற்களைப் பார்த்தேனே தவிர, சொற்களுக்கு இடையில் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை.

மறுநாள் வகுப்பில் எண்ணிக்கையைச் சொன்னேன். அவளே மேசையிலிருந்து மிலாறை எடுத்து என்னிடம் நீட்டிவிட்டு வலது கையை விரித்தாள். பத்து அடி தாங்காமல் இழுத்துக்கொள்வாள், அதோடு விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அவள் இழுக்கவில்லை. இழுக்காத கை எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. பத்தொன்பதாவது அடியில் மிலாறு முறிந்தது. இரண்டாவதை எடுத்தேன். முன்வரிசைப் பெண்பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். உள்ளங்கை வெடித்து மிலாற்றில் இரத்தம் ஒட்டியது. அப்போதும் நிறுத்தவில்லை. முப்பத்தோராவது அடி சரியாக விழாமல் ஆள்காட்டி விரலின் மேல் குறுக்கே விழுந்தது. அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது, பிள்ளைகளுக்கும் கேட்டது. என் கை தானாகத் தாழ்ந்தது.

“இன்னும் பன்னண்டு இருக்கு சார்” என்றாள். கை இன்னும் விரிந்தபடியே இருந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: “வாசிச்சீங்களா சார்?”

பள்ளி விட்ட பிறகு வாசித்தேன். நான் அந்தப் பள்ளிக்கு வருவதற்கு முந்தின வருடம், ஒரு சனிக்கிழமை, அம்மாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஏழாம் நம்பர் மலைக்குப் போயிருக்கிறாள். மரத்திலிருந்த குளவிக்கூடு கலைந்திருக்கிறது. அம்மா இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து மகளின் தலையோடு போர்த்தி, செடிகளுக்கிடையில் அமுக்கி, மேலே கவிழ்ந்து படுத்துக்கொண்டிருக்கிறார். சாக்குக்குள் இருந்தபடி, அம்மாவின் உடம்பு துள்ளித் துள்ளி அடங்குவதை இவள் எண்ணியிருக்கிறாள். ‘லொறியில் ஏற்றும்போது அம்மா என்னைப் பார்த்து’ என்ற இடத்தில் கட்டுரை நின்றிருந்தது. மணி அடித்துவிட்டதல்லவா. ‘அம்மா’ என்ற சொல்லைச் சுற்றி மட்டும் வட்டம் இல்லை.

அடுத்த நாள் அவள் அப்பா வந்தார். என்னை அடிக்க வருகிறார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று, “நானும் வூட்ல நல்லா குடுத்திட்டேன் சார். நீங்க கை வச்சா காரணம் இல்லாமலா வைப்பீங்க” என்றார். விரலைத் துணியால் சுற்றி வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் யார் அடித்தது என்று கேட்பார்கள், சாருக்குக் கெட்ட பெயர் வரும் என்று போகவில்லையாம். அந்த மரியாதையில்தான் விரல் கோணலாகவே ஒட்டிக்கொண்டது. அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கோழை நான். அந்த மாதமே அவளைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

இனி அடி இல்லை என்று வகுப்பில் சொன்னேன். யாரும் நம்பவில்லை. புதிய மொனிட்டர் திங்கட்கிழமை தவறாமல் மிலாறு கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருந்தான். எழுதியதைப் பிள்ளைகளே எழுந்து வாசிக்கச் சொன்னேன். வாசித்து முடிந்ததும் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்பேன், பிழையில் ஒன்றே ஒன்றை மட்டும் பலகையில் எழுதிக் காட்டுவேன். ஐந்தாறு வாரம் அதே மூன்று வரிதான் வந்தது. பிறகு ‘விபத்து காணவில்லை’ என்றவன், சிறுத்தை தன் நாயைக் கவ்விக்கொண்டு போனதை ஒன்றரைப் பக்கம் எழுதி வந்தான். பிழைக்குப் பஞ்சமே இல்லை. நாய் கத்தியதா என்று வகுப்பே கேட்டது. அடுத்த திங்கட்கிழமை மேசையில் மிலாறு இல்லை. அப்படியே இருபது வருடம் ஓடியது. பலர் நன்றாக எழுதினார்கள். பழைய மொனிட்டரின் அந்தக் கொப்பியை மூன்று முறை திருப்பிக் கொடுக்கப் போனேன், மூன்று முறையும் அவள் ஊரில் இல்லை.

இந்த வருடப் பெற்றோர் கூட்டத்தில், தரம் பத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தியின் தாய் வருகைப் பதிவில் இடது கையால் கையெழுத்துப் போட்டார். வலது கை ஆள்காட்டி விரல் வெளிப்பக்கம் கோணியிருந்தது. கூட்டம் முடியும்வரை எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. எல்லாரும் போன பிறகு, இருபது வருடம் மனதில் ஒத்திகை பார்த்த மன்னிப்பைச் சொல்லிக் கொப்பியைக் கொடுத்தேன். அவர் நின்றபடியே நான்கு பக்கத்தையும் வாசித்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. தாள்களை ஒரே இழுப்பில் கிழித்தார், தையல் நூல் அறுந்து தொங்கியது.

“இது எங்கம்மா. ஒங்க வட்டத்துக்குள்ள இவங்க இருக்க வேணாம்” என்றார்.

பிள்ளைகளுக்குச் சமைக்கிற கொட்டிலுக்கு நேராக நடந்து போய், மிலாறு எரிந்துகொண்டிருந்த அடுப்பில் தாள்களைத் திணித்தார். கருகும்வரை நின்று பார்த்துவிட்டு, திரும்பி வந்து அட்டையை என் மேசையில் வைத்தார்.

“மிச்சத்த மகளுக்குச் சொல்லியிருக்கேன். அவ எழுதுவா. மொதல்ல வாசிங்க சார்.”

போன வியாழக்கிழமை மகள் ஏழு பக்கம் எழுதிக் கொடுத்தாள். ஐந்தாம் பக்கத்தில் அந்த லொறி வந்தது. முகமெல்லாம் வீங்கிக் கண் திறக்க முடியாத அம்மாச்சி, ‘சாப்பாட்டுப் பெட்டிய மலையிலயே விட்டுட்டு வந்துட்டியா, ஓடிப்போய் எடுத்துட்டு வா’ என்றாராம். அம்மா ஓடிப்போய் எடுத்து வருவதற்குள் லொறி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது, அம்மாச்சி திரும்பி வரவேயில்லை என்று எழுதியிருந்தாள்.

இழுப்பறையைத் திறந்தேன். அட்டையின் மேல் சிவப்புப் பேனை கிடந்தது. பிழையை நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடிவிட்டு, அவளைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டேன்: அந்தப் பெட்டியை உன் அம்மா என்ன செய்தாங்க?

“அதுலதான் சார் எனக்கு இன்னைக்கும் சோறு கட்டிக் குடுத்தாங்க” என்றாள்.